மாட்டுக் கொட்டகைதான் மூல வீடு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவே ஒரு கொட்டாயில், அதாவது நிலத்து நடுவே வளர்ந்த சிற்றூரில், கேள்வி எழுதி அனுப்பியவருடைய தாத்தா வீடு இருக்கிறது. முன்னால் நான்கு கல்தூண் வைத்த திண்ணை, நடுவில் வானம் பார்த்த தொட்டி முற்றம், சுற்றிலும் சீமை ஓடு (மங்களூர் ஓடு), பின்னால் தலை குனிந்து நுழைய வேண்டிய மாட்டுக் கொட்டகை. வலப்பக்கம் தளம் போட்ட ஓர் அறை, இடப்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பட்டுப்புழு மனை. பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன்கள் சேர்ந்து, பிற்காலத்தில் ஒட்டவைத்ததை எல்லாம் இடித்துவிட்டு மூல வீட்டை மட்டும் பழையபடி நிறுத்துவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இடிக்கும் பட்டியலில் முதலிடம் மாட்டுக் கொட்டகைக்கு. ஓட்டில் 1865 என்று அச்சு இருப்பதால் வீடு அந்த ஆண்டு கட்டியது என்கிறார். கொட்டகை மூலையில், தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் வட்டக் கல் ஒன்று இருக்கிறதாம். அது மூடிய கிணறா என்றும் கேட்டிருக்கிறார். பதினான்கு படங்களும் கையால் போட்ட ஒரு வரைபடமும் வந்திருக்கின்றன.

நான் கொத்தனார் வீட்டுப் பிள்ளை. கட்டடப் படிப்பு பிறகு வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதே முப்பது ஆண்டுகளாக என் பிழைப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன்: கொட்டகையில் கடப்பாரை வைக்காதீர்கள். படங்களைப் பார்த்தவரை உங்கள் வீட்டில் மூத்தது அதுதான். நீங்கள் மூலம் என்று நினைக்கும் திண்ணையும் தொட்டியும் அதற்குப் பின்னால் வந்த சேர்க்கைகள்.

1865-ஐ முதலில் தீர்த்துவிடலாம். இந்த ஆண்டைக் காட்டி எத்தனையோ பேர் தங்கள் வீட்டுக்கு வயது கூட்டியிருக்கிறார்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பினர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. அந்த ஆண்டையே முத்திரையாக ஓட்டின் அடிப்பக்கத்தில் பதித்தார்கள்; பிறகு பல பத்தாண்டுகள் அதே முத்திரை தொடர்ந்தது. வேறொரு மங்களூர்க் கம்பெனி ஓட்டில் 1868 என்று இருக்கும், அதுவும் இப்படித்தான். காபிப்பொடிக் கடைப் பலகையில் கடை திறந்த ஆண்டு எழுதியிருக்கிறது என்பதற்காக நேற்று அரைத்த பொடிக்கு அந்த வயது ஆகிவிடுமா? முத்திரையில் ஆண்டை விட்டுவிட்டுப் பெயரைப் படியுங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியத் தொடர்பு காரணமாக மிஷனின் தொழில்கள் கைமாறின. போருக்குப் பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயரில் அவை நடந்தன. உங்கள் மூன்றாவது படத்தில், பல்லி உட்கார்ந்திருக்கும் ஓட்டில், காமன்வெல்த் என்ற சொல்லின் பின்பாதி தெரிகிறது. ஆகவே அந்த ஓடு 1920-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ சூளையிலிருந்து வந்தது.

அவ்வளவு தூரத்திலிருந்து உங்கள் கொட்டாய்க்கு ஓடு எப்படி வந்திருக்கும்? மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் குறும்பாதை ரயில் வந்தது. 1913-இல் அது பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீண்டது. 1941-இல், யுத்த காலத்தில், மூடப்பட்டது. இன்று ஓடும் சேலம் – பெங்களூர் ரயில் பல ஆண்டுகள் கழித்து வந்தது. ஒரு சீமை ஓடு சுமார் இரண்டரைக் கிலோ இருக்கும். உங்கள் கூரை அளவுக்குக் குறைந்தது மூவாயிரம் ஓடாவது வேண்டும், ஏழரை டன். தொப்பூர்க் கணவாய் வழியாக மாட்டு வண்டியில் அதை ஏற்றிவர யாரும் துணியமாட்டார்கள். பாலக்கோட்டு நிலையத்தில் இறக்கி, அங்கிருந்து வண்டி கட்டுவது வேறு விஷயம். அதனால் உங்கள் சீமை ஓட்டுக் கூரை 1920-க்கும் 1941-க்கும் நடுவில் ஏறியது என்பது என் கணிப்பு.

ஆனால் கூரையின் வயது வீட்டின் வயதல்ல. சட்டையைப் பார்த்து ஆளின் வயதைச் சொல்ல முடியாது. கொட்டகைக்கு வருவோம்.

உங்கள் ஊர்ப் பெயரிலேயே கொட்டாய் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் தருமபுரிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, அந்தக் கொட்டாய், இந்தக் கொட்டாய் என்று வரிசையாகப் பெயர்ப்பலகை வருவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சினிமாக் கொட்டாய் நினைவுக்கு வரும்போல. கொட்டகைதான் இங்கே கொட்டாய். பழைய ஊர் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 'அள்ளி'யில் முடியும். ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தத்தில் சுவரோடு சுவராக வீடுகள் நெருங்கிக் கிடக்கும். நிலம் ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி இருக்கும். கிணறு வெட்டியவன் அதைக் காக்கவும், மாட்டைக் கட்டவும், இரவில் படுக்கவும் நிலத்திலேயே ஒரு கொட்டகை போடுவான். கவலை இறைப்பது, அதாவது மாடு கட்டித் தோல்சாலில் கிணற்று நீரை எடுப்பது, விடியலுக்கு முன்பே தொடங்கும் வேலை. மாடும் ஆளும் கிணற்றடியில் இருந்தால்தான் ஆகும். முதலில் அப்பா மட்டும் போய்ப் படுப்பார். பிறகு மூத்த மகன் குடும்பத்தோடு போவான். ஒரு தலைமுறையில் கொட்டகை வீடாகும், அடுத்த தலைமுறையில் ஐந்தாறு வீடு சேர்ந்து ஊராகும். பெயர் மட்டும் கொட்டாயாகவே நின்றுவிடும்.

முன்பு ஏன் அப்படிப் போகவில்லை? இந்தப் பகுதியின் பழைய பெயர் பாராமகால், பன்னிரண்டு கோட்டைகளின் நாடு. 1767-இல் தொடங்கிய மைசூர்ப் போர்களில் ஐதர் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மாறி மாறிப் போய்வந்த பாதை இது. அந்தக் காலத்தில் தனியாக நிலத்தில் குடியிருப்பது, மாட்டையும் தவசத்தையும் (தானியத்தையும்) எடுத்துக்கொண்டு போங்கள் என்று அழைப்பு வைப்பதற்குச் சமம். 1792-இல் திப்புவிடமிருந்து இந்தப் பகுதி கம்பெனி கைக்குப் போயிற்று. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் உழவனிடம் நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை முதலில் நடத்திப் பார்த்தது இங்கேதான். அமைதியும் தனிப் பட்டாவும் சேர்ந்து வந்த பிறகு கிணறு வெட்ட மனம் வந்தது. கிணற்றின் பின்னால் கொட்டகை வந்தது. கோட்டையடியில் ஒண்டியிருந்தவர்கள் கொட்டாய்க்குப் போன கதை இது. ஆகவே உங்கள் பக்கத்துப் பண்ணை வீட்டைப் படிக்க வேண்டுமானால் வாசலில் தொடங்கக் கூடாது. கிணற்றில் தொடங்க வேண்டும். உங்கள் வரைபடத்தில் பழைய கிணறு எங்கே இருக்கிறது? கொட்டகைக்குப் பின்னால், முப்பதடியில். திண்ணையிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. கிணற்றுக்கு முதுகைக் காட்டி யாரும் முதல் வீட்டைக் கட்டமாட்டார்கள்.

இது ஊகம் என்று நீங்கள் சொல்லலாம். படங்களில் இருக்கும் சாட்சிகளைப் பாருங்கள்.

ஏழாவது படம், கொட்டகையின் கல்கால்கள். நம் பக்கத்தில் மரத்தைவிடக் கல் மலிவு. வேலிக்கும் கல்கால், பந்தலுக்கும் கல்கால். ஆனால் எல்லாக் கல்லும் ஒரே காலத்துக் கல் அல்ல, அதன் விளிம்பைத் தடவினால் தெரிந்துவிடும். மிகப் பழைய முறை, பாறையின் மேல் விறகைப் பரப்பித் தீ மூட்டி, தீயை மெல்ல நகர்த்திக்கொண்டே போவது. சூட்டில் மேல்தோல் பலகை பலகையாகப் பெயரும். அந்தப் பலகையில் உளியடையாளமே இருக்காது. தடிமன் ஓரிடத்தில் நான்கு விரல், இன்னோரிடத்தில் ஆறு விரல் என்று அலையாக இருக்கும். அடுத்தது ஆப்புக் கல். விளிம்பு நெடுக, பல்வரிசை போலச் சின்னச் சின்னச் செவ்வகக் குழிகள் இருக்கும். அதில் இரும்பு ஆப்பை இறக்கிப் பிளந்திருப்பார்கள். கம்ப்ரெசர் துளைக் கருவி வந்த பிறகு வெட்டிய கல்லில் விரல் பருமனில் நீளமான அரைக்குழாய் போன்ற தடம் ஓடும். உங்கள் கொட்டகையில் உள்ள ஒன்பது கால்களில் ஆறில் அடையாளமே இல்லை. பக்கங்கள் அலையலையாக இருக்கின்றன. மூன்றில் ஆப்புக் குழிகள். திண்ணைத் தூண்கள் நான்கும் நன்றாகக் கொத்திச் சமன் செய்து, அடியில் தாமரை இதழ் எடுத்தவை. காசு கொடுத்து ஆசாரி வைத்துச் செய்த வேலை. கையில் காசு வந்த பிறகு கட்டியது என்று அந்தத் தூண்களே சொல்கின்றன.

இப்போது பதினோராவது படம். இதை நீங்கள் எதற்காக எடுத்தீர்கள் என்று தெரியவில்லை. சுவரில் மாட்டிய ஏர்க்கலப்பைக்காக என்று நினைக்கிறேன். தொட்டியிலிருந்து கொட்டகைக்குள் போகும் வாசல் அதில் இருக்கிறது. வாசலின் இருபுறமும், தரையிலிருந்து மார்பளவு உயரத்தில், சுண்ணாம்பு பூசி மூடிய இரண்டு முக்கோணத் தடங்கள் தெரிகின்றனவா? அவை மாடக்குழிகள். மாலையில் விளக்கு வைக்கும் மாடம் தலைவாசலுக்கு இருபுறமும், தெருவைப் பார்த்த முகத்தில்தான் வரும். மாட்டுக் கொட்டகைக்கு விளக்கு மாடம் எதற்கு, அதுவும் இரண்டு? அந்தச் சுவர் ஒரு காலத்தில் வீட்டின் முகப்பு. இன்று தொட்டி முற்றம் இருக்கும் இடம் அன்று வாசல், திறந்தவெளி. பிறகு எதிரே ஒரு கட்டு எழும்பி, இருபுறமும் தாழ்வாரத்தால் இணைக்கப்பட்டபோது முகப்பு உள்சுவராகிவிட்டது. மாடம் தேவையில்லாமல் போகவே யாரோ பூசி மூடியிருக்கிறார்கள். ஒரு சாவியின் முனையால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் இருந்தால் என்னிடம் கேட்க ஒன்றும் மீதி இல்லை.

அதே வாசலின் கதவு குடுமியில் சுழல்கிறது, கீலில் அல்ல. மேலே மரத்தில் ஒரு குழி, கீழே கல்லில் ஒரு குழி. கதவோடு ஒரே மரத்தில் செதுக்கிய குடுமி இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறது. திண்ணைக் கதவுக்கு இரும்புக் கீல். கொட்டகைத் தரையும் தொட்டித் தாழ்வாரத்தைவிட முக்கால் முழம் தாழ்ந்திருக்கிறது. புதிதாகக் கட்டுகிறவர்கள் எப்போதும் பழையதைவிட ஒரு படி மேலேதான் தரை எடுப்பார்கள். அதனால் பழைய வீட்டில் கீழே இறங்க இறங்க வயது கூடும்.

கொட்டகையை ஒட்டிய மேற்கு அறையில் இப்போது பழைய சாமான் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் கூரையைத் தாங்கும் சரிவு மரங்களான கைமரங்கள் தார் பூசியதுபோலக் கறுத்திருக்கின்றன. அது தார் அல்ல, அடுப்புப் புகை. களி கிண்டிய அடுப்பு பல ஆண்டுகள் எரிந்த இடம் அது. அந்தப் புகையால்தான் கரையான் அந்த அறைப் பக்கம் தலைகாட்டவில்லை. பத்தாவது படத்தில் தாழ்வாரத்து மூங்கில்கள் உளுத்துக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். விட்டம் ஆச்சா மரம் போலத் தெரிகிறது. பென்னாகரம், ஒகேனக்கல் காட்டு மரம். இரும்பைப் போலக் கனக்கும், ஆணி இறங்காது. அதை மாற்றலாம் என்று எந்த ஒப்பந்தக்காரராவது சொன்னால், மாற்றி எடுத்த மரத்தை எங்கே கொண்டுபோவார் என்று கேளுங்கள்.

ஆக, முதல் வீடு இதுதான்: கல்கால் வரிசையில் மாடு, அதன் மேற்குக் கோடியில் அடுப்பும் படுக்கையும், கிழக்குக் கோடியில் தவசம், மேலே நாட்டு ஓடு, அதற்கும் முன்பு தழைக்கூரை. மனிதரும் மாடும் ஒரே முகட்டின் கீழ். இதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. மார்கழியில் மாட்டின் மூச்சுச் சூடு அந்த அறைக்கு வரும்; ஓசூர்ப் பக்கம் மேலே போகப் போகக் குளிர் இன்னும் கூடும். அங்கே தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதியில் கூரையே வேறு: கற்பலகையோ மரமோ பரப்பி, மேலே மண் கொட்டி இடித்த தட்டைக் கூரை. பெங்களூர்ப் பக்கத்துப் பழக்கம் அது. கற்பலகையை நிறுத்தி மேலே ஒரு பலகையை மூடுவது நம் ஆட்களுக்குப் புதிதல்ல. மல்லச்சந்திரம் மலையில் செத்தவர்களுக்குக் கட்டிய கற்திட்டைகளைப் பார்த்தால் உயிரோடிருந்தவர்களின் கொட்டகை நினைவுதான் வரும்.

அடுத்து வந்தது தொட்டிக் கட்டு. இதற்குக் கொட்டகைச் சுவரிலேயே பல்லைக் காட்டும் இணைப்பு இருக்கிறது, அல்லது இல்லாமல் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் கட்டிய இரண்டு சுவர்கள் மூலையில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். பிறகு வந்து சேர்ந்த சுவர் பழைய சுவரின் மேல் சாய்ந்து நிற்கும். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக விரிசல் விடும். உங்கள் தாழ்வாரத்தின் இரு கோடியிலும் அந்தக் கோடு இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வெள்ளையடிக்கும்போது பூசுகிறோம், மறுபடி வந்துவிடுகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வரத்தான் செய்யும். இரண்டு வேறு வயதுச் சுவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் வேறு வேறாக அசைகின்றன. அது நோய் அல்ல. மழைநீர் இறங்காதபடி மேலே மட்டும் பார்த்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

தொட்டியின் நான்கு கூரைகளும் உள்நோக்கிச் சரிந்து முற்றத்தில் நீரைக் கொட்டுகின்றன. நான்கு மூலைகளிலும் இரண்டு சரிவுகள் கூடும் கூடல்வாய்தான் இந்த வகை வீட்டின் பலவீனம். உளுத்த கைமரம் எல்லாம் அங்கேதான் இருக்கும், மற்ற இடம் நன்றாக இருக்கும். கூரையை முழுக்கப் பிரிக்க வேண்டாம். கூடல்வாயின் இருபுறமும் மூன்று முழம் அகலத்துக்கு ஓட்டை இறக்கி, மரத்தை மாற்றி, பழைய தகர வாரிக்குப் பதில் அகலமான செம்போ துத்தநாகத் தகடோ போட்டால் இன்னொரு தலைமுறைக்குக் கவலையில்லை. இறக்கிய ஓட்டை உடைக்காமல் அடுக்குங்கள். முகட்டு ஓட்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டாதீர்கள். சுண்ணாம்பில் ஒட்டினால் பின்னால் எடுக்கவாவது முடியும்.

தளம் போட்ட அறையின் கைப்பிடிச் சுவரில் 1974 என்று சிமெண்டில் எழுதியிருக்கிறது. ஓட்டு ஆண்டை நம்ப வேண்டாம் என்றேன், இந்த ஆண்டை நம்பலாம்; தளம் ஊற்றிய கையோடு ஈரத்தில் எழுதியது. அப்போது சிமெண்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. 1982-இல் பாதி தளர்ந்து, 1989-இல்தான் முழுக்க நீங்கியது. பெர்மிட் வாங்கி, மூட்டை எண்ணி, உங்கள் தாத்தா அந்த அறையை ஊற்றியிருக்கிறார். ஊரில் மெத்தை வீடு என்று பேர் வாங்குவதற்காக ஓர் அறைக்காவது தளம் போடுவது அன்றைய மரியாதை. அழகில்லை என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதை இடிப்பதால் ஒன்றும் கூடாது. அதனால் வரும் கேடு வேறிடத்தில் இருக்கிறது: ஒன்பதாவது படத்தில் தளத்து நீர் இறங்கும் தூம்பு நேராகப் பழைய மண்சுவரின் தலையில் கொட்டுகிறது. ஐம்பது ஆண்டு மழை. ஒரு குழாய் வைத்து நீரைத் தள்ளிவிடுங்கள். நாளைக்கே செய்யலாம், நூறு ரூபாய்க் குழாயால் நிற்கும் சுவரைக் காப்பாற்ற லட்ச ரூபாய் திட்டம் போட வேண்டாம்.

இடிக்கும் ஆசை எனக்கும் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காவேரிப்பட்டணம் பக்கம் இதே மாதிரித் தொட்டி வீடு ஒன்று. பெரிய கூடத்தை நடுவில் தடுத்து ஒரு குட்டைச் சுவர். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி நடுவே எழுப்பியது. செங்கல் புதுசு, பின்னல் இல்லை, சந்தேகமே இல்லாமல் பிற்சேர்க்கை. பிரிந்த குடும்பம் சேர்ந்துவிட்டது, சுவரை எடுங்கள் என்றார்கள். எடுத்தேன். மாலை நான்கு மணிக்கு உத்திரம் முனகியது. ஏணி போட்டுப் பார்த்தால், சுவர் வந்த பிறகு என்றோ உத்திரம் பழுதாகி, இரண்டு துண்டாக மாற்றி, அந்த ஒட்டை நேராகத் தடுப்புச் சுவரின் தலையில் உட்காரவைத்திருக்கிறார்கள். மேலே அட்டாலி (பரண்) இருந்ததால் கீழிருந்து தெரியவில்லை. இரவு முழுக்கச் சவுக்குக் கம்பம் முட்டுக் கொடுத்து, மறுநாள் அதே இடத்தில் ஒரு கல்காலை நிறுத்திவிட்டு வந்தேன். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், இன்றுவரை அந்தக் காலுக்கு என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சுவர் வீட்டைவிட இளையது என்பது உண்மை. ஆனால் அதன் மேல் நின்ற கூரை அதைவிட இளையது. எது எப்போது வந்தது என்பது ஒரு கணக்கு, எதை எது தாங்குகிறது என்பது வேறு கணக்கு. இரண்டையும் போட்டுப் பார்க்காமல் எந்தச் சேர்க்கையையும் எடுக்கக் கூடாது.

பட்டுப்புழு மனைக்கு என் மனதில் தனி இடம் உண்டு, நீங்கள் சிரித்தாலும் சரி. தமிழ்நாட்டில் பட்டு வளர்ச்சிக்குத் தனித் துறை 1979-இல் வந்தது. ஓசூரிலிருந்து பாலக்கோடு, பென்னாகரம் வரை மல்பெரி நட்டார்கள். புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். கொஞ்சம் பிசகினால் கூடு கட்டாது. முதலில் பழைய வீட்டின் மண்சுவர் அறையில்தான் வளர்த்திருப்பார்கள், ஏனென்றால் சித்திரையிலும் அந்த அறை சூடேறாது. தாழ்வாரத்துக் கைமரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன, தூளி கட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வீட்டில் பதினாறு தூளியா? தட்டு அடுக்கும் கயிற்றைக் கட்டிய கொக்கிகள் அவை. குடும்பம் முற்றத்தில் படுத்துக்கொண்டு புழுவுக்கு அறையைக் கொடுத்த காலம் அது. பிறகு தனி மனை கட்டினார்கள். அதன் சுவரும் கிழக்கு மேற்கு ஜன்னல்களும் நன்றாக இருக்கின்றன. கூரையை மட்டும் மாற்றுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைத்து இறக்கக் கூடாது. நீர் தெளித்து நனைத்து, மரையைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். உடைந்த தூளைத் துடைப்பத்தால் கூட்டவும் கூடாது, மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. உங்கள் குடும்பப் படிப்புச் செலவு பாதி அந்த மனையிலிருந்து வந்திருக்கும். அதையும் வீட்டின் வரலாற்றில் சேர்த்துக்கொள்வதில் என்ன குறை?

உண்மையில் இடித்துத் தள்ள வேண்டிய பிற்சேர்க்கை ஒன்று இருக்கிறது. அது உங்கள் பட்டியலில் இல்லை. சுவர்களின் கீழ்ப்பகுதியில், தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குப் பூசியிருக்கும் சிமெண்ட். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஈரம் ஏறுகிறது என்று பூசியிருப்பீர்கள். மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். இந்த மூச்சு நடக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. சிமெண்ட் அந்த மூச்சை அடைத்துவிடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் சிமெண்டுக்குப் பின்னால் மேலே மேலே ஏறும். உங்கள் ஐந்தாவது படத்தில் சிமெண்ட் முடியும் கோட்டுக்கு மேலே வெள்ளையாகப் பூத்திருப்பது அந்த ஈரம் கொண்டுவந்த உப்பு. விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். டம் என்று ஒலிக்கும் இடத்தில் உள்ளே மண் கரைந்து இறங்கிவிட்டது. வெளியே கல் மாதிரி இருக்கும், உள்ளே கூழ்.

இதைத் தை பிறந்த பிறகு தொடங்குங்கள், பங்குனிக்குள் முடியுங்கள். சித்திரையில் கோடை மழை வரும், ஆவணிக்குப் பிறகு பெருமழை. மூன்று முழ நீளத்துக்கு ஒரு பகுதியாக உரியுங்கள், முழுச் சுவரையும் ஒரே நாளில் உரிக்காதீர்கள். இரண்டு வாரம் காயவிட்டு, கரைந்த இடத்தை அதே நிலத்து மண்ணால் நிரப்புங்கள். வைக்கோல் நறுக்கும் சாணமும் சேர்த்துப் புளிக்கவைத்த மண்பூச்சு முதலில். அதன்மேல் சுண்ணாம்பு அடித்தால் போதும். திண்ணையின் செங்கல் சுவருக்கு மட்டும் சுண்ணாம்புக் காரை: நீற்றி, இரண்டு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டரை, மூன்று. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் கலக்கலாம். முட்டை வேண்டும், இருபத்தேழு மூலிகை வேண்டும் என்று பட்டியல் நீட்டுகிறவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். நல்ல காரை ரகசியத்தில் இல்லை, அரைப்பதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் வட்டக் காடியில் கல் உருளை போட்டு மாடு கட்டி அரைத்தார்கள், நாள் முழுக்க.

சுவரடியில் கல்லைப் பெயர்க்கும்போது ஏதாவது பலகையில் வாளோடு நிற்கும் ஆளோ, எழுத்தோ தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். நடுகற்களுக்குப் பேர்போன நாடு நம்முடையது. படிக்கல்லாகவும் துவைக்கும் கல்லாகவும் கவிழ்ந்து கிடந்தவை உண்டு. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொன்னால் அவர்களே வந்து பார்ப்பார்கள். உங்களிடமிருந்து வீட்டை யாரும் பிடுங்கமாட்டார்கள்.

கடைசியாக அந்த வட்டக் கல். கிணறு இல்லை. கொட்டகையின் கிழக்குக் கோடியில், தவசம் இருந்த பக்கத்தில், ஓர் ஆள் இறங்கும் அளவு வாய். கீழே குடம் போல அகலும். ராகிக் குழி அது. ராகியில் பூச்சி எளிதில் விழாது. உலர்ந்த மேட்டு நிலத்தில் குழி வெட்டி, சுற்றிலும் வைக்கோல் கொடுத்துக் கொட்டி, கல்லால் மூடி மண் பூசிவிட்டால் பல ஆண்டுகள் கெடாது. பஞ்சத்துக்கும் திருடனுக்கும் பயந்த காலத்து ஏற்பாடு. தனியாக நிலத்தில் குடியிருக்கிறவர்கள் ராகிக் குழியை வாசலுக்கு வெளியே வெட்டத் தயங்குவார்கள். தான் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மாட்டின் காலடியில் வெட்டுவார்கள். மூல வீடு எது என்பதற்கு மாடக்குழிக்கு அடுத்த சாட்சி இது. ஆர்வத்தில் கல்லை நகர்த்தியதும் பிள்ளைகள் யாரும் உள்ளே இறங்கிவிடக் கூடாது. அடைபட்ட குழியில் கெட்ட காற்று தங்கியிருக்கும். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்த கதைகள் நம் பக்கம் உண்டு. இரண்டு நாள் திறந்து போட்டு, ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். அணைந்தால் மறுபடி மூடாமல் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். அணையாமல் எரிந்தாலும் நீங்கள் இறங்க வேண்டாம். மேலிருந்தே ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.